காப்புக் கட்டிய ஸ்டேரிங்

ஸ்ரீரங்கம் மேலூர் சாலையில் இருக்கும் அந்த வாழைக்காய்க் கிடங்குக்கு வாசல் குறுகல். லோடு கொண்டுவரும் டிரைவர்களில் பாதிப் பேர் முன்னும் பின்னும் போய்வந்துதான் உள்ளே நுழைவார்கள். அம்மாசிக்கு அந்தச் சங்கடம் இருந்ததில்லை. இடது ஓரமாக ஒதுங்கி, டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டியதும் வலது பக்கம் முழுக்க ஒடித்தால், லாரி ஒரே வளைவில் வாசலுக்குள் போய்விடும். கிடங்கில் இறக்குகூலி ஆட்கள் அதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பதுண்டு.

அன்று காலை அந்த வளைவு பாதியில் நின்றுபோனது.

ஸ்டேரிங் அதற்கு மேல் திரும்பவில்லை. லாரியின் மூக்கு வாசலை விட்டுவிட்டு அதன் ஓரத் தூணைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்பதற்குள் பம்பர் தூணில் இடித்து, காரை பெயர்ந்து விழும் சத்தம் கேட்டுவிட்டது. பின்னால் டவுன் பஸ் ஒன்று வந்து நின்று ஹாரனை அலறவிட்டது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன பெரியவரே, தேரா திருப்புறீங்க? முட்டுக்கட்டை போட ஆள் அனுப்பட்டா?"

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். இறக்குகூலி ஆட்கள் சிரிக்கவில்லை. அதுதான் அம்மாசிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் ரிவர்ஸ் எடுத்து, மறுபடி ஒடித்து, மறுபடி ரிவர்ஸ் எடுத்து, ஒருவழியாக வண்டியை உள்ளே கொண்டுபோனபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் திரும்பியிருக்கும், தன் தோள்தான் விட்டுவிட்டது என்று நினைத்தார்.

அப்படி அவர் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. பங்குனி மாதத்திலிருந்தே அவருடைய வலது கை சரியாக இல்லை. சோற்றைப் பிசைந்து எடுக்கும்போது இரண்டு பருக்கை தட்டுக்கு வெளியே விழும். டீ கிளாஸைப் பிடித்தால் டீயின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓடும். அவர் கவனிப்பதற்கு முன்பே மனைவி மணிமேகலை கவனித்துவிட்டாள். தென்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் ஆயா வேலை பார்க்கிறாள். அங்கே வாரம் இரண்டு நாள் நரம்பு டாக்டர் வருகிறார். "ஒரு தடவை காட்டிட்டு வந்துருவோமே" என்று அவள் சொன்னபோதெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "வண்டி ஸ்டேரிங்குல ஆட்டம் இருக்குடி. நாள் முழுக்க அதைப் புடிச்சுட்டு வந்தா எவன் கைதான் ஆடாது?"

அவள் சண்டை போடவில்லை. சமயபுரத்துக்குப் போய், மாரியம்மன் சன்னதியில் வைத்து வாங்கிய மஞ்சள் காப்புக் கயிற்றைக் கொண்டுவந்து, அவர் கையில் கட்டாமல், லாரி ஸ்டேரிங்கின் உச்சியில் கட்டினாள். வண்டி நேராகப் போகும்போது முடிச்சு சரியாக அவர் கண்ணுக்கு எதிரே, கண்ணாடிக்குக் கீழே நிற்கும். கட்டிய காப்பை அவிழ்க்கக் கூடாது. அதுவாக இற்று விழுந்தால்தான் உண்டு.

ஸ்டேரிங்கில் ஆட்டம் இருந்தது பொய்யில்லை. லாரியின் சொந்தக்காரர் முசிறி தர்மராஜ் போன மாதம் செலவைப் பார்க்காமல் வேலைக்கு விட்டார். பால்பண்ணை பக்கம் பட்டறை வைத்திருக்கும் அற்புதசாமி முன் அச்சைப் பிரித்து, கிங்பின், டை ராடு எண்டு, ஸ்டேரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டு என்று தேய்ந்ததையெல்லாம் புதிதாகப் போட்டார். அதற்குப் பிறகு பைபாஸில் இருக்கும் சென்டரில் கம்ப்யூட்டர் வைத்து வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாகிவிட்டது. திரையில் எல்லாக் கட்டமும் பச்சை. தர்மராஜ் அதைப் போனில் படம் பிடித்துவைத்திருந்தார்.

வண்டி மட்டும் அலைந்தது.

ஒரே பக்கமாக இழுத்தால்கூடப் பரவாயில்லை. இழுக்கும் பக்கத்துக்கு எதிராகக் கையைக் கொடுத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். இது அப்படியில்லை. முசிறியிலிருந்து குணசீலம் வரும் வரை ஆற்றங்கரைச் சாலையில் வண்டி கொஞ்சம் இடது பக்கம் நழுவும். திருத்தினால் வலது பக்கம் நழுவும். அதைத் திருத்தினால் மறுபடி இடது. தூங்கி வழியும் ஆளைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போவதுபோல ஒவ்வொரு கணமும் பிடித்துப் பிடித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. டோல்கேட் வருவதற்குள் கழுத்திலிருந்து முழங்கை வரை கல்லாக இறுகிவிடும். ஆட்டம் போனபிறகும் அலைகிறது, கம்ப்யூட்டரும் பச்சை என்கிறது என்றால், மிச்சம் இருப்பது ஓட்டுகிறவனின் கைதான். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

தூணில் இடித்த செய்தி லோடு இறங்கி முடிவதற்குள் முசிறிக்குப் போய்விட்டது. தர்மராஜ் போனில் வந்தார். நாற்பது வயதுக்காரர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அம்மாசி அந்த வீட்டு வண்டிதான் ஓட்டுகிறார்.

"என்னண்ணே, தூணை இடிச்சுட்டீங்களாமே?"

"ஆமா தம்பி. திரும்பல."

"திரும்பலையா, திருப்பலையா?"

அம்மாசி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கோச்சுக்காதீங்கண்ணே. மனுசன்னா வயசு ஆகத்தான் செய்யும். நாளைக்குக் காலைல வண்டியை அலைன்மென்ட் சென்டருக்குக் கொண்டாங்க, நானும் வரேன். இன்னொருக்கா பாத்துருவோம். தப்பு இருந்தா சரி பண்ணுவோம்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா... மச்சினன் ஒருத்தன் ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டு சும்மாதான் இருக்கான். கொஞ்ச நாளைக்கு அவன் ஓட்டட்டும். நீங்க மண்டியில உக்காந்து லோடு பாத்துக்கங்க. உங்களை விட்டுருவேனா?"

வெயில் தாழ அம்மாசி நம்பர் ஒன் டோல்கேட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது, மணிமேகலை அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தைலம் எடுத்துவந்து கேட்காமலேயே தோளில் தேய்த்தாள்.

"நாளைக்குத்தான் அந்த டாக்டர் வராரு. டோக்கன் போடட்டா?"

"நாளைக்கு அலைன்மென்ட்டு. மொதல்ல வண்டி சரியாவட்டும்."

"வண்டி சரியானா கை சரியாயிடுமா?"

"வண்டியிலதான் கோளாறுன்னா கையில என்ன கோளாறு இருக்கப் போவுது?"

"நல்லா இருக்கு உங்க கணக்கு. ஆஸ்பத்திரியில வரவனெல்லாம் இப்படித்தான் ஒரு கணக்கு வச்சுருக்கான். முட்டி வலின்னா செருப்பு சரியில்லைங்கறான்."

"நீ டாக்டருக்குப் படிச்சவ மாதிரி பேசாதடி."

"பெட்பேன் எடுக்கறவதான். அதான் எல்லாரையும் பாக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை அவருடைய வலது மணிக்கட்டில் வந்து கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. அவர் கையை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பைபாஸ் சென்டரில் கூட்டமில்லை. அங்கே கம்ப்யூட்டர் மெஷினைப் பார்ப்பது ரோசரி என்ற பெண். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். காக்கிச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தாள். தர்மராஜ் காரை ஓரமாக விட்டுவிட்டு வந்து நின்றார். பட்டறையிலிருந்து அற்புதசாமியும் வந்திருந்தார், வரச்சொன்னது தர்மராஜ். யார் மீதாவது தப்பு வந்து விழும் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை.

ரோசரி சக்கரங்களில் கருவிகளை மாட்டினாள். "ஸ்டேரிங்கை நேரா வச்சுக்கங்கண்ணே" என்றாள். அம்மாசி காப்பு உச்சிக்கு வரும்படி வைத்துப் பிடித்துக்கொண்டார். திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பச்சை விழுந்தது.

"எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்றாள் தர்மராஜிடம்.

தர்மராஜ் அம்மாசியைப் பார்க்காமல் வெளியே போகும் லாரிகளைப் பார்த்தார். "சரிம்மா. கழட்டிரு."

"ஒரு நிமிசம் சார். என்ன கம்ப்ளைன்ட்டுன்னு நீங்க சொல்லவே இல்லையே. டிரைவர் அண்ணே, நீங்க சொல்லுங்க. வண்டி இழுக்குதா?"

"இழுக்கலம்மா. அலையுது. ரெண்டு பக்கமும். நேத்து வலது பக்கம் முழுசா திரும்பல. நான்தான் சரியா ஒடிக்கலையோ என்னமோ."

"பவர் ஸ்டேரிங் வண்டிண்ணே இது. என் மவ ஒடிச்சாலும் திரும்பணும். இப்ப ஒடிங்க பாப்போம். மொதல்ல இடது பக்கம், கடைசி வரைக்கும்."

அவள் முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் படுத்துக்கொண்டாள். அவர் ஒடித்தார். "இந்தப் பக்கம் சக்கரம் முழுசா திரும்பி ஸ்டாப்பர்ல போய் முட்டுது. இப்ப வலது பக்கம்." அவர் ஒடித்தார். ஸ்டேரிங் நின்றது. "இன்னும் ஒடிங்க." "அவ்வளவுதாம்மா." "இங்க ஸ்டாப்பருக்கு இன்னும் ரெண்டு விரக்கடை இருக்கு" என்று தரையிலிருந்து குரல் வந்தது. "சக்கரத்துக்கு இடம் இருக்கு, ஸ்டேரிங் பெட்டிதான் அதுக்கு மேல சுத்தாம நின்னுபோச்சு."

எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "வேலை முடிஞ்சப்பறம் ஸ்டேரிங் வீலை யாராவது புடுங்கி மாத்திப் போட்டாங்களா?"

அற்புதசாமி தலையைக் குனிந்துகொண்டார். தர்மராஜுக்கு அது போதுமாக இருந்தது.

"என்ன சாமி, உன்னை நம்பித்தானே விட்டேன்? என்ன பண்ணிவச்ச?"

"ஐயா, அது வந்து..."

"வந்து என்ன வந்து? கம்ப்யூட்டர் பச்சைங்குது, நீ ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிற. பத்து நாளா இந்த மனுசனை நான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன்!"

அம்மாசி கேபினிலேயே உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்தால் போதும். பட்டறைக்காரர் திட்டு வாங்குவார், வண்டி சரியாகும், நாளைக்கு லோடு ஏற்றலாம். அற்புதசாமியும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது தெரிந்ததால்தான் உட்கார முடியவில்லை. ஏணியைப் பிடித்து இறங்கினார்.

"சாமியைச் சொல்லாதீங்க தம்பி. நான்தான் மாத்திப் போடச் சொன்னேன்."

வேலை முடிந்த அன்று, பட்டறையிலிருந்து ஒரு சுற்று ஓட்டிப்பார்த்தபோது, வண்டி நேராகப் போனது, காப்பு முடிச்சு மட்டும் இடது பக்கம் சாய்ந்து நின்றது. புதுத் தண்டு பழைய தண்டைவிட நீளம் கொஞ்சம் வித்தியாசம். அதைத் திருகி நீளத்தைச் சரி செய்யவேண்டும், சாப்பிட்டுவிட்டு வந்து செய்கிறேன் என்றார் அற்புதசாமி. முசிறியில் வாழைத்தார் வெட்டி ரோட்டோரம் அடுக்கிவைத்திருந்தார்கள். வெயிலில் கிடந்தால் காய் கறுத்துவிடும். காப்பை அவிழ்த்து நேராகக் கட்டிக்கொள்ளலாம் என்றால் அதை அவிழ்க்கக் கூடாது. சாய்ந்த காப்போடு கிளம்பவும் அவருக்கு மனம் வரவில்லை. 'ஸ்டேரிங்கைப் புடுங்கி நேரா மாட்டிவுடு சாமி, அம்மன் நிமுந்தா போதும்' என்றார். நட்டைக் கழற்றி, ஸ்டேரிங்கைத் தூக்கி, பல் மாற்றி மாட்டுவது ஒரு பீடி குடிக்கும் நேரத்து வேலை. அற்புதசாமி வேண்டாம் என்றுதான் சொன்னார். அம்மாசிதான் கேட்கவில்லை.

இதையெல்லாம் அவர் சொல்லி முடித்தார். ரோசரிதான் பேசினாள். குரலில் கோபம் இல்லை. இந்த மாதிரி நிறையப் பார்த்த சலிப்பு இருந்தது.

"பெட்டிக்குள்ள நடுவுன்னு ஒரு இடம் இருக்குண்ணே. பல்லு அங்கதான் இறுக்கமா கடிக்கும். அதைவிட்டு ரெண்டு பக்கமும் தள்ளுனா லூசு. வண்டி நேரா போறப்ப பெட்டி நடுவுல இருக்கணும். உங்க வண்டியில தண்டு நீளத்தால பெட்டி ஒரு பக்கம் தள்ளி நிக்குது. அதைச் சொல்றதுக்கு ஒரே அடையாளம் ஸ்டேரிங் சாஞ்சு நின்னதுதான். அதை நீங்க நிமுத்திட்டீங்க. என் மெஷினு சக்கரத்தைத்தான் பாக்கும். பெட்டிக்குள்ள பாக்காது. அன்னைக்கும் ஸ்டேரிங் நேரா இருக்கான்னு கேட்டோம், இருக்குன்னீங்க. நாங்களும் நம்பி பச்சை குடுத்துட்டோம்."

"கை கோளாறு இல்லியாம்மா அப்ப?" என்றார் அம்மாசி.

"என்ன கை?"

"ஒண்ணுமில்லம்மா."

அங்கேயே வேலை நடந்தது. அற்புதசாமி பெட்டியை நடுவில் நிறுத்தி, தண்டைக் கழற்றித் திருகி நீளத்தைச் சரிப்படுத்தினார். முறுக்கிவிட்டு ரோசரியைப் பார்த்தார். அவள் மறுபடி சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, இரண்டு பக்கமும் ஸ்டாப்பரில் முட்டுகிறதா என்று பார்த்துத் தலையாட்டினாள். கடைசியில் ஸ்டேரிங்கைத் தூக்கிப் பழைய பல்லிலேயே உட்காரவைத்தார்கள். காப்பை யாரும் தொடவில்லை. அது உச்சியில் போய் நின்றது.

"அம்மனுக்கு வழி தெரிஞ்சுருக்கு. உமக்குத்தான் அவசரம்" என்றார் அற்புதசாமி, அம்மாசிக்கு மட்டும் கேட்கும்படி.

"நீ ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லித் தடுத்திருக்கணும்யா."

"சொன்னா கேக்கற மூஞ்சியா அது?"

பார்த்துவிட்டு வருவோம் என்று தர்மராஜும் கேபினில் ஏறிக்கொண்டார். பைபாஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டினார்கள். இடது பக்கம் தூரத்தில் ராஜகோபுரம் வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. வண்டி, அழைத்த இடத்துக்கு வரும் மாடுபோல, சொன்ன கோட்டில் போனது. பல நாளாக இழுத்துப் பிடித்தே பழகிய தோள், பிடிக்க ஒன்றும் இல்லாமல் திகைத்தது. இப்போதுதான் அதன் வலி முழுதாகத் தெரிந்தது.

"கையை எடுங்கண்ணே, பாப்போம்" என்றார் தர்மராஜ்.

முன்னால் வண்டி எதுவும் இல்லை. அம்மாசி இரண்டு கைகளையும் ஸ்டேரிங்கிலிருந்து ஒரு விரக்கடை தூக்கினார். லாரி நேராகப் போனது. காப்பு அசையவே இல்லை. தர்மராஜ் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அப்பா இருந்திருந்தா உங்களை ஒரு ஏச்சு, உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு என்னை ரெண்டு ஏச்சு ஏசியிருப்பாரு. மச்சினன் கிச்சினன்னு என்னமோ சொன்னேன், மனசுல வச்சுக்காதீங்கண்ணே. நாளைக்கு மேலூருக்கே லோடு இருக்கு. அந்தத் தூண் முன்னாடியே ஒரே திருப்பாத் திருப்பிக் காட்டுங்க."

அம்மாசி இடது கையை ஸ்டேரிங்கில் வைத்தார். வலது கையை மடியில் இறக்கினார். கொள்ளிடப் பாலத்தின் மீது சக்கரச் சத்தம் மாறியது. கீழே மணலும் நாணலுமாகக் கிடந்தது. அவர் குனிந்து கையைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. வேட்டியின் மேல் அவருடைய கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும், யாரோ ஒருவர் திருநீற்றை நிமிண்டிக்கொண்டிருப்பதுபோல, மெதுவாக, அவரைக் கேட்காமல் தேய்த்துக்கொண்டிருந்தன. வண்டியில் ஆட்டம் இல்லை. அலைச்சல் இல்லை. ரோடும் புதிது.

திரும்பிவந்து தர்மராஜின் காருக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து நீட்டினார்.

"என்னண்ணே இது?"

"நாளைக்கு மச்சினனையே வரச்சொல்லுங்க தம்பி."

"பாத்தீங்களா, கோவம் போகல."

"கோவமெல்லாம் இல்ல. தென்னூருல ஒரு டாக்டரைப் பாக்கணும். கை ஆடுது."

"அட, அதான் வண்டியிலதான் கோளாறுன்னு ஆயிடுச்சே. அப்புறம் என்ன டாக்டரு?"

"வண்டி சரியா இருக்கு தம்பி. அதான்."

தர்மராஜ் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு நீட்டியிருந்த கையைப் பார்த்தார். அதில் சாவிக்கொத்து லேசாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டார். "பாத்துட்டு வாங்க. வந்தப்பறம் பேசிக்குவோம்" என்றார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொன்னார். அம்மாசி வேண்டாம் என்றுவிட்டு, சாலையைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனார்.

மணிமேகலை வார்டில் இருந்தாள். போனை எடுத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வண்டி என்னாச்சு?"

"சரியாயிடுச்சு. நேரா போவுது."

"கோளாறு எதுல இருந்துச்சு?"

"எங்கிட்டதான். வந்து சொல்றேன். டோக்கன் இன்னும் போடலாமா?"

அந்தப் பக்கம் யாரோ நோயாளி கூப்பிடுவது கேட்டது.

"போட்டாச்சு" என்றாள். "காலைல வந்ததுமே போட்டுட்டேன். சாப்பிட்டுட்டு வாங்க. நேரமாகும்."

பஸ் வந்தது. கம்பியை இடது கையால் பிடித்து ஏறினார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. வழக்கமாக அங்கேதான் உட்கார்ந்து டிரைவர் எப்படி ஓட்டுகிறான் என்று பார்த்துக்கொண்டே வருவார். இன்று உள்ளே தள்ளிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை மடியில் ஆடவிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.